தசைப்போர்வையும் நாரிப்பிடிப்பும்

கிராமங்களிலே கூட்டம் முடிந்து தேநீர் பரிமாறப்படும் வேளையில்தான் மக்கள் தங்கள் உடல் உபாதைகளைப் பற்றி எம்மிடம் பேசத் தொடங்குவர். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் எங்கே போவதென்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பது நாரிப்பிடிப்பையும், தோள்மூட்டு விறைப்பையும், காலையில் எழுந்து நிலத்தில் ஊன்றியதும் குத்தும் குதிக்காலையும் பற்றியே. "படம் பிடித்துப் பார்த்தார்கள் சுவாமி, எலும்பிலே ஒன்றுமில்லையாம். அப்படியென்றால் இந்த நோ எங்கேயிருந்து வருகிறது?"

நியாயமான கேள்வி. எக்ஸ்றே படம் எலும்பைக் காட்டும். எலும்பையும் தசையையும் சுற்றியிருக்கும் துணி போன்ற பொருளைக் காட்டாது. அந்தத் துணியைப் பற்றியே இவ்விதழில் எழுத விரும்புகிறோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. இப்பொருளின் பெயரைச் சொல்லியே பலவகைச் சிகிச்சைகள் இப்போது விற்கப்படுகின்றன. நகையை அடகு வைத்துப் பத்துத் தடவை, பதினைந்து தடவை சென்று முதுகை அழுத்துவித்துக்கொண்டு வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் காசு கொடுத்து வாங்கியது என்ன, காசில்லாமலே கிடைக்கக்கூடியது என்ன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஆட்டை உரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தோலை இழுக்கும்போது தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே சிலந்திவலை போன்ற வெண்படலம் ஒன்று இழுபட்டு அறும். அது மேற்போர்வை. அதன் கீழே, இறைச்சியோடு ஒட்டி வெள்ளிபோல் மினுங்கும் உறுதியான சவ்வு ஒன்று இருக்கும். அதைக் கத்திமுனையால் கிளப்பித்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் சமைத்தால் பல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். அது ஆழ்போர்வை. இறைச்சியைக் குறுக்கே வெட்டினால், அதே வெள்ளைப் பொருள் மெல்லிய சுவர்களாக உள்ளே புகுந்து, தோடம்பழத்தின் சுளைகளைத் தோல் சுற்றியிருப்பதுபோல, தசைக்கட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றியிருப்பது தெரியும். இதனை வைத்திய நூல்கள் 'பாசியா' என அழைக்கின்றன. எமது பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் தொடுப்பிழையம் என்ற பெரிய குடும்பத்தில் இதுவும் ஓர் அங்கம். நாம் இங்கே தசைப்போர்வை என்றே சொல்லுவோம்.

பாசியா என்பது லத்தீன் சொல். கட்டும் பட்டி, சுற்றும் துணி என்று பொருள்படும். குருக்கள் அங்கியின்மேல் இடுப்பில் கட்டும் அகன்ற பட்டிக்கும் இதே பெயர்தான். பெயர் பழையதாயினும் இதன்மீது அக்கறை ஏற்பட்டது அண்மையில்தான். உடலைக் கீறிப் படித்தவர்கள் பல நூற்றாண்டுகளாக இதனை வெட்டி ஒதுக்கிவிட்டு, கீழேயிருந்த தசையையே வரைந்தனர். பதுவை என்றதும் எமக்கு அந்தோனியார் நினைவுக்கு வருவார். வைத்திய உலகுக்கோ அங்கே கற்பித்த வெசாலியஸ் நினைவுக்கு வருவார். 1543இல் அவர் வெளியிட்ட உடற்கூற்று நூலின் புகழ்பெற்ற படங்களில் தசைகள் துப்புரவாக உரித்துக் காட்டப்பட்டுள்ளன. அதே பதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லா ஸ்டெக்கோ என்ற பெண் வைத்தியர், முன்னோர் வெட்டி எறிந்த அந்தப் பொருளையே ஆராய்ந்து 2015இல் ஒரு வரைபட நூலை வெளியிட்டார். தசைப்போர்வை பற்றிய முதலாவது அனைத்துலக ஆய்வு மாநாடு 2007இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது.

இப்போர்வை பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நார்களால் ஆனது. தும்பை முறுக்கிக் கயிறாக்குவதுபோல நுண்ணிய நார்கள் சேர்ந்து வலிய நாராகின்றன. ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் இடையில் வழுவழுப்பான திரவம் உண்டு. அதனால் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. நார்களுக்கிடையே உயிருள்ள கலங்கள் குடியிருந்து, பழைய நாரை அகற்றிப் புதிய நாரை இழைக்கின்றன. எந்தத் திசையில் இழுவை வருகிறதோ அந்தத் திசைக்கேற்ப இழைப்பது அவற்றின் இயல்பு. ஆகவே இது வெறும் பொதி சுற்றும் தாள் அல்ல. நாளாந்த உழைப்பைப் பார்த்துத் தன்னைத் தானே தைத்துக்கொள்ளும் துணி.

அத்தோடு இது நோவை உணரும் துணியுமாகும். ஜேர்மனியின் மான்ஹைம் நகரில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள 12 பேரின் முதுகிலே ஸ்கான் கருவியின் உதவியுடன் செறிந்த உப்புநீரை ஊசியால் ஏற்றினர். தோலின் கீழ் ஒரு முறை, தசைக்குள் ஒரு முறை, தசைப்போர்வைக்குள் ஒரு முறை. போர்வைக்குள் ஏற்றியபோதுதான் நோவு கடுமையாகவும் நீண்ட நேரமும் இருந்தது. எலும்பிலே ஒன்றுமில்லை என்றால் நோவும் இல்லை என்றாகாது. உழைப்பாளி பொய் சொல்லவில்லை.

குனிந்த முதுகு

நாரியிலே, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, சாய்சதுர வடிவில் தடித்த வெண்போர்வை ஒன்று பரந்திருக்கிறது. மேலேயிருந்து கையை இழுக்கும் அகன்ற முதுகுத் தசையும், கீழேயிருந்து எதிர்ப்பக்கத்துப் பிட்டத்துத் தசையும் இப்போர்வையிலே வந்து பொருந்துகின்றன. வலது தோளும் இடது தொடையும் இதனூடாகக் கைகோத்திருக்கின்றன எனலாம். ஒல்லாந்து நாட்டு ஆய்வாளர் விளேமிங் என்பவரும் அவரது குழுவினரும் 1995இல் இறந்தோர் உடல்களில் தசைகளை இழுத்துப் பார்த்து, விசை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்தப்படுவதைக் காட்டினர். நாம் கை வீசி நடக்கும்போது எதிர்ப்பக்கத்துக் காலும் கையும் ஒன்றாகப் போவது இந்த அமைப்போடு ஒத்துப்போகிறது.

இனி ஒரு சிறு பரிசோதனை. மாதர் சங்கக் கூட்டத்திலே இதை எல்லோரும் செய்து பார்க்கலாம். எழுந்து நின்று, முள்ளந்தண்டின் இருபுறமும் நாரியில் விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக முன்னே குனியுங்கள். முதலில் தசை கல்லுப்போல் இறுகும். இன்னும் குனிந்து, இனிக் குனிய முடியாது என்ற இடத்துக்கு வந்ததும் அந்த இறுக்கம் திடீரென்று தளர்ந்துவிடும். தசை வேலையை விட்டுவிட்டது! இங்கிலாந்திலே புளொய்ட், சில்வர் என்ற இருவர் தசையின் மின்னோட்டத்தை அளந்து 1950களில் இதனை எழுதி வைத்தனர். அப்படியானால் மேலுடம்பின் பாரத்தைத் தாங்கி நிற்பது யார்? போர்வையும், எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களும், முள்ளந்தண்டின் இடைத்தட்டுக்களும்தான். நாற்று நடும் பெண் காலை முதல் மதியம்வரை தன் உடலைத் தசையிலே அல்ல, இந்த நார்களிலே தொங்கவிட்டு நிற்கிறாள்.

நார் தொங்கினால் நீளும். கனமான வாளியை நெடுநேரம் தொங்கவிட்ட கயிறும் அப்படித்தான். கனடாவில் ஸ்டுவர்ட் மக்கில் என்ற பேராசிரியர் 1992இல் ஆட்களை 20 நிமிடம் முழுதாகக் குனிந்திருக்கச் செய்து அளந்தார். நிமிர்ந்தபின் முதல் 2 நிமிடத்திலே இழந்த இறுக்கத்தில் ஏறக்குறைய அரைவாசி திரும்பியது. மீதி முழுவதும் திரும்ப அரை மணித்தியாலமும் போதவில்லை. இதிலிருந்து எமது வயலுக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன.

ஒன்று, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவையாவது நிமிர்ந்து, இடுப்பில் கைகளை ஊன்றிப் பின்னே மெல்லச் சாய்ந்து, வரம்பிலே நாலடி நடக்க வேண்டும். கூலிக்கு நடும் பெண்கள் நிமிர்ந்தால் மேற்பார்ப்பவர் முகம் சுளிப்பார் என்பது எமக்குத் தெரியாததல்ல. ஆனால் இரண்டு நிமிடம் நிமிர்வது சோம்பல் அல்ல என்பதைக் காணிக்காரருக்கு எடுத்துச் சொல்லத் தனியாள் அஞ்சலாம். சங்கம் அஞ்ச வேண்டியதில்லை. கூலி பேசும்போதே இதையும் பேசிக்கொள்ளலாம். மண்வெட்டிக்கும் களைபிடுங்கும் கருவிக்கும் பிடியை நீளமாக்குவதும் இதில் அடங்கும். ஒரு தடியின் விலைதான்.

மற்றது இன்னும் முக்கியமானது. நெடுநேரம் குனிந்திருந்து கரைக்கு ஏறிய உடனே நெல்மூடையையோ உரப்பையையோ தூக்கக் கூடாது. நார்கள் நீண்டு, தசை களைத்து, முள்ளந்தண்டு தன் காவலை இழந்து நிற்கும் நேரம் அது. முதலில் தண்ணீர் குடிக்கட்டும், சாப்பிடட்டும், நடக்கட்டும். தூக்குவது பிறகு.

சரியான நிலை ஒன்று உண்டு, அப்படியே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று சிலர் போதிப்பதை நாம் அவ்வளவாக ஏற்பதில்லை. நாள் முழுதும் விறைத்து நிமிர்ந்திருப்பவருக்கும் முதுகு உளையும். நிலை எதுவாயினும் அதிலேயே நிலைத்திருப்பதுதான் கெடுதி.

உருவி விடுவதால் நடப்பது

நோவுக்கு எண்ணெய் போட்டு உருவுவது எமது மூதாதையர் வழக்கம். மேலைநாட்டிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கரான அன்ட்ரூ ரெய்லர் ஸ்டில் 1892இல் கேர்க்ஸ்வில் என்ற ஊரிலே கைச்சிகிச்சைக் கல்லூரி ஒன்றை நிறுவினார். தசைப்போர்வைக்குத் தம் போதனையிலே பெரிய இடமளித்தார். பின்னர் ஐடா றொல்ப் என்ற பெண்மணி வந்தார். 1920இல் உயிரிரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், கைமுட்டியாலும் முழங்கையாலும் ஆழமாக அழுத்தும் முறையொன்றை உருவாக்கினார். அழுத்தத்தினால் போர்வை கூழ்போல் இளகி, புது வடிவில் மீண்டும் இறுகும் என்பது அவர் கொள்கை. இன்று நகரங்களில் "போர்வையை விடுவிக்கிறோம்" என்று விளம்பரம் செய்பவர்களின் பேச்சு பெரும்பாலும் இதிலிருந்து வந்ததே.

கை அதைச் செய்யுமா? 2008இல் அமெரிக்காவிலே ஹான்ஸ் சௌத்ரி என்பவரும் சக ஆய்வாளர்களும் கணித மாதிரி ஒன்றின் மூலம் கணக்கிட்டுப் பார்த்தனர். தொடையின் பக்கத்திலுள்ள தடித்த போர்வையை நூற்றில் ஒரு பங்கு அமுக்குவதற்கே 900 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் வேண்டும் என்று கணக்கு வந்தது. சிறிய மோட்டார் கார் ஒன்றின் பாரம்! உள்ளங்காலின் போர்வைக்கும் கணக்கு ஏறக்குறைய அப்படியே. மூக்கின்மேலுள்ள மெல்லிய போர்வை போன்றவற்றைக் கையால் அசைக்கலாம். நாரியையும் தொடையையும் காக்கும் தடித்த பட்டியை எந்தப் பயில்வானின் முழங்கையாலும் இழுத்து நீட்ட முடியாது. ஒரு வகையில் நாம் நன்றி சொல்ல வேண்டும். கை அழுத்தினால் இளகும் துணி மூடை சுமக்க உதவுமா?

ஆயினும் உருவிய பிறகு சுகம் தெரிகிறது, அது பொய்யல்ல. சுகம் தெரிவது துணி நீண்டதால் அல்ல, நரம்புகள் அமைதியடைந்ததால். றொபேட் ஷ்லைப் என்ற ஜேர்மானியர் றொல்பின் முறையையே பல ஆண்டுகள் செய்து வந்தவர். கையின் கீழ் சில நிமிடத்திலேயே தளர்ச்சி தெரிவதை நாரின் மாற்றத்தால் விளக்க முடியாது என்று அவரே 2003இல் எழுதினார். போர்வையிலும் தோலிலுமுள்ள நரம்பு முனைகள் மெதுவான அழுத்தத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, மூளை தசையின் இறுக்கத்தைக் குறைக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். இளஞ்சூடும் அசைவும் படைகளுக்கிடையேயுள்ள திரவத்தை வழுவழுப்பாக்கலாம் என்பாரும் உளர். அதைவிட, அக்கறையுள்ள ஒருவரின் கை மேலே படுவதே ஆறுதல். நோயாளரைத் தொட்டுப் பேசும் எவருக்கும் இது புதிதல்ல.

நாரிப்பிடிப்புக்கு உருவிவிடுதல் பற்றிய 25 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு மீளாய்வு ஒன்றின் முடிவும் இதுவே. குறுகிய காலத்துக்கு நோவு குறையலாம். நெடுங்காலப் பயனுக்கு ஆதாரம் இல்லை. குறுகிய காலப் பயனுக்கான ஆதாரமும் பலவீனமானதே. எனவே பரியாரியாரிடம் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வீட்டிலே மனைவிக்குக் கணவன் எண்ணெய் பூசி உருவி விட்டாலும் ஏறக்குறைய அதே பயன் கிடைக்கும் என்பதே எம் எண்ணம். (கணவன்மார் இதனை வாசிப்பார்களாக.) அந்தச் சுகம் நிற்கும் ஓரிரு மணித்தியாலத்தைப் படுத்துக் கழிக்காமல், நடக்கவும் குனிந்து நிமிரவும் பயன்படுத்த வேண்டும். நகை அடகு வைக்க வேண்டிய காரியம் இதுவல்ல.

துணியை மாற்றுவது எது

அமெரிக்காவில் ஹெலன் லாஞ்சவின் என்ற பெண் வைத்தியர் ஸ்கான் கருவியால் நாரிப் போர்வையின் அசைவைப் படம் பிடித்தார். 2011இல் வெளியான அந்த ஆய்வில், நெடுநாள் நாரிநோ உள்ள 71 பேரையும் நோவில்லாத 50 பேரையும் ஒப்பிட்டார். நோவுள்ளவர்களிடத்தில் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும் அளவு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. நகராததால் நோ வந்ததா, நோ வந்ததால் நகராமல் போனதா என்று அந்த ஒப்பீடு காட்டவில்லை. ஆனால் நோவுள்ளவர் அசையப் பயப்படுவார், அசையாத துணி மேலும் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டது மேலும் நோகும் என்ற சுழற்சியை எவரும் ஊகிக்கலாம்.

இதனால்தான் பாயிலே படுத்துக்கிடக்கச் சொல்லும் பழைய ஆலோசனை கைவிடப்பட்டது. 1986இலேயே ரெக்சாஸ் மாநிலத்தில் 203 நோயாளரில் ஒரு சாராரை 2 நாளும் மற்றோரை 7 நாளும் படுத்திருக்கச் சொல்லிப் பார்த்தனர். இரண்டு நாள் குழுவினர் வேலைக்குப் போகாதிருந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. மற்றபடி இரு சாராருக்கும் குணத்தில் வித்தியாசமில்லை. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

கலங்கள் புதிய நாரை இழைப்பது இழுவை கிடைக்கும்போது. முழங்காலின் தசைநாணில் செய்த அளவீடுகளின்படி, கடும் உழைப்புக்குப் பின் கொலாஜன் ஆக்கம் ஒரு நாளளவில் உச்சத்தை அடைந்து, மூன்றாம் நாளிலும் வழமைக்கு மேலாகவே இருக்கிறது. ஆகவே சுமை வேண்டும். சுமைக்குப் பின் ஓய்வும் வேண்டும். வாரங்கள் அல்ல, மாதங்கள் வேண்டும். கொலாஜன் இழைக்க உயிர்ச்சத்து 'சி' அவசியம் என்பதையும் சொல்லி வைப்போம். வேலியோரத்துக் கொய்யாவும் நெல்லியும் போதும்.

குதிக்கால் நோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உள்ளங்காலிலே குதியிலிருந்து விரல்கள்வரை தடித்த போர்வை ஒன்று வில்லின் நாணைப்போல் ஓடுகிறது. நிற்கும் ஒருவரின் பெருவிரலை நீங்கள் மேலே உயர்த்திப் பிடித்தால், பாதத்தின் வளைவு தானாக எழும்பும். ஹிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1954இல் இதை விளக்கினார். இந்தப் போர்வை குதியிலே நைந்தால் காலையில் முதலடி வைக்கும்போது குத்தும். டென்மார்க்கிலே 48 நோயாளரிடம் 2015இல் வெளியான பரிசோதனை ஒன்று நடந்தது. படியின் விளிம்பிலே நின்று, சுருட்டிய துவாயை விரல்களின் கீழ் வைத்து, மூன்று எண்ணும்வரை குதியை உயர்த்தி, இரண்டு எண்ணும்வரை நிறுத்தி, மூன்று எண்ணும்வரை இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி. வலு கூடக் கூட முதுகுப்பையில் புத்தகங்களை வைத்துப் பாரத்தையும் கூட்டினர். மூன்று மாத முடிவில், காலை வெறுமனே இழுத்து நீட்டிப் பயின்றவர்களைவிட இவர்களுக்கு நோ குறைவாயிருந்தது. ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஒரே நிலைக்கு வந்திருந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்றாடம் காலூன்றி உழைப்பவருக்கு அந்த மாதங்கள் சிறியவை அல்ல. செலவோ ஒரு துவாயும் ஒரு படியும்.

நாரிக்கும் வழி இதே மாதிரிதான். முதலில் நடை, பின் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருத்தல், பின் அரை வாளித் தண்ணீரைத் தூக்கி வைத்தல், கிழமைக்குக் கிழமை சற்றுக் கூட்டுதல். மாவட்ட வைத்தியசாலையில் இயன்மருத்துவர் இருந்தால் அவரிடம் கேட்டுத் தொடங்குவது நலம். ஆனால் நாரி நோவோடு கால் சோர்ந்து போனாலோ, சலம் மலம் கட்டுப்படாமல் போனாலோ, இருக்கும் இடம் மரத்துப் போனாலோ, காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்து வந்தாலோ அது போர்வையின் காரியமல்ல. உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

இன்னும் இரண்டு விடயங்கள். நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்திலே மிஞ்சும் சீனி கொலாஜன் நார்களோடு ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது. செபத்துக்குக் கைகூப்புவதுபோல் இரு கைகளையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளியின்றி ஒட்ட முடியாமற் போனால் சீனியைப் பரிசோதிப்பது நல்லது. வைத்தியர்களே இதனைச் 'செப அடையாளம்' என்று அழைக்கின்றனர். தோள்மூட்டு உறைந்து போவதும் நீரிழிவுள்ளோரிடம் அதிகம். அதற்கு எத்தனை போத்தல் எண்ணெய் பூசினாலும் சீனியைக் கட்டுப்படுத்தாமல் விடுவது பிழை.

மற்றது, இந்தப் போர்வையின் உறுதியே உயிருக்கு ஆபத்தாகும் சந்தர்ப்பம். கெண்டைக்காலிலும் முன்கையிலும் தசைகள் நீளாத போர்வைக்குள், இறுகக் கட்டிய பைக்குள் இருப்பதுபோல் இருக்கின்றன. வழமையில் இது நன்மை. நடக்கும்போது தசை பருத்துப் போர்வையோடு அழுந்துவதால்தான் காலின் இரத்தம் மேலேறுகிறது. ஆனால் எலும்பு முறிந்தோ நசுங்கியோ உள்ளே வீங்கினால், வீக்கத்துக்கு இடமில்லை. அதன்மேல் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டிவிட்டாலோ, மாவுக்கட்டு இறுகிவிட்டாலோ, இரத்தவோட்டம் தடைப்பட்டுத் தசை சில மணித்தியாலங்களில் செத்துவிடும். காயத்துக்கு மிஞ்சிய நோ, நேரம் போகப் போகக் கூடும் நோ, விரல்களை மெல்ல நீட்டினாலே அலற வைக்கும் நோ, மரத்துப்போதல் ஆகியவையே அடையாளங்கள். விரல் சூடாகவும் சிவப்பாகவும் இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். அது கடைசியில்தான் மாறும். அங்கே உருவக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது, கட்டை இன்னும் இறுக்கக் கூடாது. மேற்கட்டைத் தளர்த்தி, முறிந்த இடத்தை அசையாமல் தாங்கிப் பிடித்தபடி, சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே வைத்தியர் அந்தப் போர்வையைக் கீறித் திறந்துவிடுவார். இரவு எந்நேரமானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.